கூழாங்கல்லும் குமிழ்மணியும்

திருத்தணி மலைமீது நின்று வடக்கே நோக்குவார்க்கு, அலையலையாய் எழுந்து நிற்கும் நகரி மலைத்தொடர் தென்படும். மூக்குப்போல் நீண்ட முகடு ஒன்று அத்தொடரில் உண்டு. முற்காலத்து மாலுமிகள் அதனைக் கடலிலிருந்தே கண்டு, கரைக்கு அடையாளமாகக் கொண்டனர். எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. அம்மலைகளோ ஆந்திர நாட்டில் நின்றுவிட்டன. எல்லையை வகுத்தவர் மக்களே. கற்கள் அதனை அறியா. ஆந்திர மலையில் உடைந்த கல், மழைநீரால் உருட்டப்பட்டு, ஓடையிலும் ஆற்றிலும் புரண்டு, மூலை முடுக்கெல்லாம் தேய்ந்து, திருவள்ளூர் மாவட்டத்து ஆற்றுப் படுகையில் உருண்டைக் கூழாங்கல்லாய் வந்து கிடக்கிறது. கொசத்தலையாற்றையும் அதனோடு சேரும் நகரியாற்றையும் சார்ந்த நிலங்களில் இத்தகைய கற்கள் ஏராளம்.

இக்கற்களுட் பெரும்பாலானவை குவார்ட்சைட் என்னும் பாறையைச் சேர்ந்தவை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் நீருக்கடியிற் படிந்த மணலே, நாளடைவில் இறுகிக் கெட்டிப்பட்டு இப்பாறையாயிற்று. உலர்ந்த கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதில் கவர்ச்சி ஒன்றும் இராது. சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடக்கும். அதனையே நீரில் நனைத்துப் பார்த்தால் எத்துணை மாற்றம்! தேன் நிறமும், ரோசா நிறமும், செம்மண் நிறமும் உள்ளிருந்து எழுந்து வருவனபோலத் தோன்றும். நீர் புதிதாக நிறம் எதனையும் கொடுக்கவில்லை. கல்லின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் பல உண்டு. ஒளி அவற்றிற் பட்டு நாற்புறமும் சிதறுவதால் கல் வெளிறித் தோன்றுகிறது. நீர் அப்பள்ளங்களை நிரப்பியதும் சிதறல் குறைகிறது. ஒளி உட்சென்று மீள்கிறது. நீர் காய்ந்தால் பழைய மங்கலே மிஞ்சும். நீர் சிறிது நேரம் செய்யும் இவ்வேலையை நிலையாகச் செய்வதே மெருகேற்றுதல் ஆகும்.

மணிகளைச் செப்பனிடும் முறை இருவகைப்படும். தட்டையான பல முகங்களாகத் தீட்டி ஒளியைத் தெறிக்கச் செய்வது பட்டை தீட்டுதல். வைரத்திற்கு ஏற்றது அதுவே. அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் குமிழ்போல் வளைந்தும் இருக்குமாறு தேய்ப்பது மற்றொரு முறை. இவ்வாறு அமைந்த மணியைக் கபோஷான் என்று மேலை நாட்டார் வழங்குவர். தலை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் அதனைக் குமிழ்மணி எனலாம். பரதநாட்டியம் ஆடுவோர் அணியும் தலைச்சாமான்களில் சிவப்புக் கெம்புக் கற்கள் குமிழ் குமிழாகப் பதிந்திருத்தலைப் பலரும் கண்டிருப்பர். ஆகவே, பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று.

உண்மையில் இத்தொழிலில் தமிழகம் மிகப் பழைய நாடு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணல் என்னும் ஊரைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1980களில் அகழ்ந்தபோது, சங்ககாலத்து மணித்தொழிற்கூடமே வெளிப்பட்டது. மூலக்கற்கள், பாதி உருட்டிய மணிகள், துளையிடும்போது உடைந்துபோனவை, மெருகேறி முற்றுப்பெற்றவை எனப் பல படிநிலைகளும் அங்குக் கிடைத்தன. படியூரிலிருந்து பெரில் என்னும் பச்சை நீலக் கல்லும், சிவன்மலைப் பக்கத்திலிருந்து நீலக்கல்லும் குருந்தமும், சுற்றுப்புறத்திலிருந்து படிகக்கல்லும் அவ்வூருக்குக் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படுவது இவ்வூரே. குருந்தம் என்பது வைரத்திற்கு அடுத்த கடினமுடைய கல். அதன் பொடியே மற்றக் கற்களைத் தேய்க்க உதவியது. ஆங்கிலேயர் அக்கல்லைக் ‘கொரண்டம்’ என்று அழைப்பது தமிழ்ச் சொல்லையே தழுவியதாகும். அரக்கில் குருந்தப் பொடியைக் கலந்து வட்டமாக வார்த்து, வில்லால் சுழற்றி, அதன்மீது கல்லைப் பிடித்துத் தேய்ப்பது நம் நாட்டுச் சாணைக்காரரின் பழைய முறை.

இக்காலத்தில் பொழுதுபோக்காகக் குமிழ்மணி செய்பவர் உலகெங்கும் உள்ளனர். சிலர் மின்சாரத்தால் சுழலும் வைரச் சக்கரங்களை வைத்திருக்கின்றனர். ஆனால் அச்சக்கரம் இல்லாதவர்க்கும் இக்கலை மூடிய கதவன்று. கடையில் விற்கும் நீர் உப்புத்தாளும், ஒரு கண்ணாடிப் பலகையும், ஒரு வாளி நீரும், மிக்க பொறுமையும் இருந்தாற் போதும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் சிலிக்கன் கார்பைடு என்னும் துகள், குவார்ட்சைட்டைக் காட்டிலும் கடினமானது. 1812ஆம் ஆண்டு மோஸ் என்னும் செர்மானியர் வகுத்த கடின அளவையில் குவார்ட்ஸ் 7ஆம் எண், குருந்தம் 9, வைரம் 10. கடினமான பொருளே மற்றதைத் தேய்க்கும் என்பது இத்தொழிலின் முதல் விதி.

முதலில் கல்லைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எல்லாக் கூழாங்கல்லும் மெருகு ஏற்காது. உடைந்த கல்லின் உடைவாயை உருப்பெருக்கிக் கண்ணாடியாற் பார்த்தால் அதன் இயல்பு தெரிந்துவிடும். உடைவு மணல் துகள்களைச் சுற்றிக்கொண்டு சென்றிருந்தால் அது வெறும் மணற்கல். தேய்க்கத் தேய்க்கத் துகள்கள் உதிர்ந்து பள்ளங்களே மிஞ்சும். உடைவு துகள்களை ஊடறுத்துக்கொண்டு சென்றிருந்தால் அதுவே நல்ல குவார்ட்சைட், கண்ணாடிபோல் மெருகேறும். கல்லை நனைத்து வெயிலிற் பிடித்துக் கீறல் உண்டா எனக் காண்பதும் இன்றியமையாதது. நீர் காயும்போது ஒரு கோடு மட்டும் ஈரமாய்ப் பின்தங்கினால், அங்கு வெடிப்பு இருக்கிறது என்று அறியலாம்.

தேர்ந்த கல்லின் ஒரு புறத்தைத் தட்டையாகத் தேய்த்து, அதன்மேல் முட்டை வடிவ எல்லைக்கோடு வரைகின்றனர். அலுமினியக் கம்பியின் முனையால் வரைந்த கோடு நீரில் அழியாது. பின்னர்க் கல்லை இளஞ்சூடாக்கி, உருக்கிய அரக்கினால் ஒரு மூங்கிற் குச்சியின் நுனியில் ஒட்டுவர். திடீரென்று சூடேற்றினால் கல் வெடித்துவிடும். அவசரக்காரர் இழக்கும் முதற் கல் இவ்வாறே போகிறது. குச்சியைக் கையிற் பிடித்துக்கொண்டு, எல்லைக்கோட்டிலிருந்து மேல்நோக்கிச் சரிவாக ஒரு வரிசை, அதற்குமேல் சற்றுச் சாய்வாக இன்னொரு வரிசை, உச்சியை ஒட்டி மூன்றாம் வரிசை என்று தேய்த்து, வரிசைகளுக்கு இடையிலுள்ள விளிம்புகளை மெல்ல மெல்லக் கரைத்தால் குமிழ் உருவாகும். புதியவர் கையிற் பெரும்பாலும் உச்சி தட்டையாகிவிடும். விளக்கொளியில் மணியைச் சாய்த்துப் பார்த்தால் குற்றம் புலப்படும். நல்ல வளைவின்மீது விளக்கின் பிம்பம் வழுக்கிச் செல்லும். தட்டையான இடத்தில் அது துள்ளிப் பாயும்.

இதுவரை செய்தது உருவம். இனிச் செய்வதே மெருகு. 100ஆம் எண் தாளில் தொடங்கி 220, 400, 600, 1000 என்று மேலே செல்லச் செல்லத் துகள் நுண்ணியதாகும். ஒவ்வொரு தாளும் தனக்கு முந்தைய தாள் இட்ட கீறல்களை அழித்துத் தன் சிறு கீறல்களை விட்டுச் செல்கிறது. ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் போகுமுன் மணியையும் விரல் நகத்தையும் பலகையையும் கழுவுதல் வேண்டும். பழைய தாளின் பருந்துகள் ஒன்றே ஒன்று உடன் வந்துவிட்டாலும் மணியின் முகத்தில் நீண்ட வடு விழும். கழுவிய மணியைத் துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே சோதிக்கவேண்டும். ஈரமணி எல்லாக் கீறலையும் மறைத்து, வேலை முடிந்தது என்று பொய் சொல்லும். முடிவில் சீரியம் ஆக்ஸைடு என்னும் பொடியை நீரிற் குழைத்துத் தோல்மீது தடவித் தேய்த்தால், சாளரத்தின் கம்பிகள்கூட மணியில் தெளிவாகத் தெரியும். கைவேலையாகச் செய்தால் ஒரு மணிக்குப் பல மாலைப்பொழுதுகள் கழியும்.

தேய்க்கும் வேலை முழுவதும் நீரோடு நடைபெறல் வேண்டும். இது வெறும் வசதிக்காக அன்று. உலர்ந்த கல்லைத் தேய்க்கும்போது எழும் சிலிக்கா நுண்தூசி கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்கிவிடும். அங்குத் தழும்பு வளர்ந்து, நாளடைவில் மூச்சு முட்டும் நோயாக முற்றும். சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு முற்றிலும் குணமளிக்கும் மருந்து இல்லை. குசராத்தில் உள்ள காம்பே நகரம் அகேட் மணிகளுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றது. அங்குக் கல் தேய்த்து வாழும் ஏழைத் தொழிலாளர் பலர் இந்நோய்க்கு இரையாயினர் என்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கடையிற் சில ரூபாய்க்கு வாங்கும் மணியின் பளபளப்புக்கு யாரோ ஒருவர் தம் மூச்சை விலையாகக் கொடுத்திருக்கலாம். வாளி நீரின் அருமை அப்போது விளங்கும்.

குமிழ்மணியின் சிறப்பு மெருகோடு முடிவதில்லை. சில கற்கள் தம்முள்ளே ஒளியை மறைத்து வைத்திருக்கின்றன. குமிழாகத் தேய்த்தாலன்றி அவை அதனை வெளிக்காட்டுவதில்லை. வைடூரியத்தின் உள்ளே மயிரினும் மெல்லிய ஊசிகள் ஒரே திசையில் நெருங்கிக் கிடக்கும். அவற்றிற் பட்ட ஒளியை வளைந்த மேற்பரப்பு ஒரு கோடாகத் திரட்டிக் காட்டும். பூனையின் கண்போல் அது நகரும். சில மாணிக்கங்களிலும் நீலக்கற்களிலும் ஊசிகள் மூன்று திசைகளில் அமைந்திருப்பதால், ஆறு கதிருடைய விண்மீன் ஒன்று குமிழின் உச்சியில் எழுகிறது. சந்திரகாந்தக் கல்லில் இருவகைப் பெல்ஸ்பார்கள் மிக மெல்லிய அடுக்குகளாய்ப் பிரிந்து நிற்றலின், நிலவொளி போன்ற நீல வெண்மை உள்ளே மிதக்கிறது. காங்கேயம் பகுதியிலும் இலங்கையிலும் இக்கல் கிடைக்கிறது. சர் சி. வி. இராமன் 1950ஆம் ஆண்டில் தம் மாணவர்களுடன் இலங்கைச் சந்திரகாந்தக் கற்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். நோபல் பரிசு பெற்றுப் புகழின் உச்சியில் இருந்த அவ்வறிஞர், மணிகளையும் படிகங்களையும் திரட்டி வைத்துக் குழந்தைபோல் மகிழ்ந்தார். (அவர் பிறந்த அதே 1888ஆம் ஆண்டில்தான் திருத்தணிப் பகுதியில் டாக்டர் இராதாகிருஷ்ணனும் பிறந்தார், 1954இல் பாரத ரத்னா விருதையும் இருவரும் ஒருங்கே பெற்றனர்.)

இவ்வகைக் கற்களைத் தேய்ப்பவர் முதலிற் செய்யவேண்டுவது, உள்ளிருக்கும் அடுக்கோ ஊசியோ எத்திசையில் ஓடுகிறது என்று காண்பதே. குமிழின் அடித்தளம் அவற்றுக்கு இணையாக அமைதல் வேண்டும். திசை தவறினால் விண்மீன் உச்சியை விட்டு ஓரத்திற்கு ஒதுங்கிவிடும். சந்திரகாந்தம் வெறுங்கல்லாய் நிற்கும்.

செய்த மணியைப் பிறர்க்குக் காட்ட நிழற்படம் எடுக்க விரும்புவது இயல்பு. ஆனால் மெருகேறிய குமிழ் ஒரு சிறு குவியாடி. அறையின் சாளரம், விளக்கு, படக்கருவி, அதனைப் பிடித்திருப்பவர் முகம் ஆகிய யாவும் அதில் சுருங்கி வந்து அமர்ந்துகொள்ளும். மணி மட்டும் தெரியாது. இதற்கு மெல்லிய வெள்ளைத் துணியைக் கூடாரம்போல் மணியைச் சுற்றிக் கட்டி, வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சுகின்றனர். பரவிய ஒளியிற் கல்லின் நிறமும் வரிகளும் அமைதியாய்த் தெரியும். பூனைக்கண்ணுக்கும் விண்மீனுக்கும் இம்முறை பயன்படாது. துணிக்கூடாரத்துள் அவை மறைந்தே போகும். அவற்றுக்கு மேலிருந்து விழும் ஒற்றைச் சிறு விளக்கே வேண்டும். மிக அருகிலிருந்து எடுக்கும்போது உச்சி தெளிந்தால் விளிம்பு கலங்கும்; விளிம்பு தெளிந்தால் உச்சி கலங்கும். ஆதலின் வில்லைத் துளையைச் சிறிதாக்கி, கருவியை அசையாமல் தாங்கியில் நிறுத்தி எடுப்பர். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, கணிப்பொறியில் ஒன்றாக்குவாரும் உளர்.

படத்திலும் உண்மை வேண்டும். மணியை நனைத்து எடுத்தால் முடியாத மெருகும் முடிந்ததுபோல் தோன்றும். மஞ்சள் விளக்கில் எடுத்தால் வெளிறிய கல் தேன் நிறம் பெறும். நேர்மையுள்ளவர் மணியை உலர்த்தி, சாம்பல் நிறத் தாள்மீது வைத்து, அருகே ஓர் அளவுகோலும் வைத்து எடுப்பர்.

இவ்வளவும் அறிந்த ஒருவர் ஆற்றுப்படுகைக்கும் சரளை நிலத்துக்கும் கல் தேடிச் செல்லுமுன் அறியவேண்டுவது இன்னும் ஒன்றுண்டு. அது மற்ற எல்லாவற்றினும் பெரிது. கொசத்தலையாற்றுப் படுகையில் ஆறு உருட்டிய கல் மட்டும் கிடப்பதில்லை. மனிதன் செதுக்கிய கல்லும் கிடக்கிறது.

இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் சென்னைக்கு அருகில் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதன் கையாண்ட கருவி என்று உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் கிங் என்பவரும் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். பின்னர் அங்கு நடைபெற்ற அகழாய்வின் முடிவைச் சாந்தி பப்பு குழுவினர் 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன்படி, மிகப் பழைய கைக்கோடரிகளின் சராசரி வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு. அவையும் குவார்ட்சைட்டால் ஆனவையே! மணி செய்பவர் விரும்பும் அதே கல்லை, அதே காரணம்பற்றி, அதாவது கடினமாயும் சீராக உடைவதாயும் இருத்தல்பற்றி, அம்முன்னோர் தேர்ந்தெடுத்தனர்.

கைக்கோடரியைச் சாணையில் இட்டால் ஒரு மாலைக்குள் அழகிய குமிழ்மணியாகிவிடக்கூடும். பதினைந்து இலட்சம் ஆண்டுகள் வெயிலும் மழையும் அழிக்காத செதுக்கு வடுக்களை நீர் உப்புத்தாள் அழித்துவிடும். அறியாமையாற் செய்தாலும் இழப்பு இழப்பே. கல்லைத் தேய்க்காமல் வீட்டிற்கு எடுத்துச் சென்றாலும் பாதி அழிவு நேர்ந்துவிடுகிறது. அது எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்ற செய்தி அதன் வயதையும் வாழ்வையும் சொல்வது. இடம் பெயர்ந்த கருவி பேச்சிழந்த சாட்சி.

இரண்டையும் வேறு பிரித்தறிதல் பழகினால் எளிது. ஆற்றுக்கல்லின் எல்லாப் புறமும் ஒருபடித்தாய் உருண்டு வழவழப்பாய் இருக்கும். கருவியிலோ விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிப்பி வடிவான பள்ளங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். அவை இரு முகங்களிலும் இருப்பதுண்டு. இரு முகப் பள்ளங்களும் கூடுமிடத்தில் விளிம்பு அலைபோல் வளைந்து கூர்மையாய் ஓடும். பேரிக்காய் போன்ற வடிவம், கையில் எடுத்தால் உள்ளங்கையிற் பொருந்தும் பருமன், செம்மண் ஊறிய பழுப்பு நிறம் ஆகியனவும் காணப்படலாம். கருவியைச் செய்தபோது தெறித்த சில்லுகளும் அதே மதிப்புடையனவே. ஆகவே உடைந்த முகம் ஒன்று ஒழுங்காய்த் தோன்றினாற்கூட அக்கல்லைத் தொடாமல் விடுவது நன்று. தொல்லியல் இடமென்று தெரிந்த நிலத்தில் உருண்டைக் கல்லையும் எடுத்தலாகாது. அக்கருவிகளைக் காண விரும்புவோர்க்காகவே பூண்டியில் தமிழக அரசின் தொல்லியல் துறை அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறது. கருவியின் அடையாளத்தை அங்குப் பார்த்துக் கண்ணிற் பதித்துக்கொண்ட பின்னர்க் கல் தேடப் புறப்படுவதே முறை.

ஐயத்துக்குரிய கல் ஒன்று வழியில் எதிர்ப்பட்டால், அங்கே உதவுவது சாணையன்று, படக்கருவியே. மணிக்குப் பரவிய ஒளியும் விண்மீனுக்கு மேலொளியும் வேண்டியதுபோலக் கருவிக்குச் சாய்வொளி வேண்டும். காலையிலோ மாலையிலோ கதிரவன் தாழ்ந்திருக்கும் வேளையில், ஒவ்வொரு செதுக்குப் பள்ளத்தின் விளிம்பிலும் நிழல் விழுந்து, செதுக்கியவன் எந்தப் புறத்திலிருந்து அடித்தான் என்பதுகூடத் தெரியும். கல் கிடந்தபடியே கிடக்க, அதனருகே அளவுகோலை வைத்து, வடதிசையைக் காட்ட ஒரு குச்சியையும் வைத்து, மேலிருந்து ஒரு படமும், சுற்றுப்புறம் தெரியச் சற்றுத் தொலைவிலிருந்து இன்னொரு படமும் எடுத்துக்கொண்டு, இடத்தையும் நாளையும் குறித்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவிக்கலாம். படம் எடுத்தவர் அளவுகோலையும் குச்சியையும் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவார். கல் அங்கேயே இருக்கும்.